வாள் உருவாத படம்

குசாகா ரென்ஸோ என்று ஒரு டைரக்டர் இருந்தார் என்பதே கியோட்டோவில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மிச்சப் பேருக்கும் சாயோகோ சொல்லித்தான் தெரியும். ஊமைப்படக் காலத்தைப் பற்றிய தடித்தடியான புத்தகங்களில் அவருக்குக் கிடைத்தது ஒரே வரி. சில வாள்சண்டைப் படங்களை எடுத்தார், இளம் வயதில் காய்ச்சலில் போனார். அந்த வரியும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்.

அந்தக் காலத்துச் சுவரொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கதாநாயகன் பெயர் பெரிதாக இருக்கும். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். படத்தை எடுத்த மனிதனைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். பேசாத படத்தில் பேசியவனுக்கு மாலை, படைத்தவனுக்கு மூலை. உலகம் அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

சாயோகோ கல்லூரியில் படிக்கும்போது குசாகா எடுத்த துணுக்கு ஒன்றைப் பார்த்தாள். அரை நிமிடம்கூட இருக்காது. மழை விட்ட தெருவில் ஒருவன் ஓடுகிறான். கேமரா அவன் பின்னால் ஓடவில்லை. அவன் மிதித்துவிட்டுப் போன குட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. கலங்கிய தண்ணீர் மெல்ல அடங்கி, அதில் எதிர்வீட்டுக் கூரை தெளிவாகத் தெரியும்வரை நிற்கிறது. அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ஐம்பது வயதைத் தாண்டியும் தெளியவில்லை. நகர அருங்காட்சியகத்தில் பழைய ஃபிலிம்களைச் செப்பனிடும் வேலையில் சேர்ந்ததும் அந்தப் பைத்தியத்தால்தான். கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் வேறு. ஆனால் அவளுடன் வேலை பார்க்கும் டைகோ இரண்டையும் சேர்த்தே முடிச்சுப் போடுவான்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்பான் காலையில் வந்ததும்.

"வந்தா உனக்குச் சொல்லாமயா இருப்பேன்? போய் மெஷினைத் துடை."

தகவல் ஒருநாள் வந்தே விட்டது. ஒசாகாவில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று ஒரு பெண்மணி ஐந்து தகரப் பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய தாத்தா பொம்மைப்பட வியாபாரி. தியேட்டரில் ஓடித் தேய்ந்த படங்களை எடைக்கு வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, சின்ன டப்பாக்களில் போட்டு விற்பவர். வீட்டில் கையால் சுற்றும் பொம்மை புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கப் பிள்ளைகள் அவற்றை வாங்குவார்கள். மிச்ச ஃபிலிமை எல்லாம் தாத்தா வேறு வேலைக்குத் தள்ளிவிடுவாராம். "இந்த அஞ்சு பெட்டியை மட்டும் யாரையும் தொட விடல. இது நல்ல படம், இருக்கட்டும்னாராம். எங்களுக்கு என்ன தெரியும்? குழம்புக்குக்கூட ஆகாதுன்னு மூலையில போட்டு வெச்சிருந்தோம்" என்றாள் அந்தப் பெண்மணி.

முதல் பெட்டியைத் திறந்து சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும் சாயோகோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'மூங்கில் சந்து.' இயக்கம் குசாகா ரென்ஸோ.

"டைகோ" என்றாள். குரல் வரவில்லை. மறுபடியும், "டைகோ, வந்துட்டாருடா."

செப்பனிட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் சுத்தம் செய்தார்கள். சில இடங்களில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய தடம் இருந்தது. பழைய படம் என்றால் அறுந்திருக்கும், ஆபரேட்டர் ஒட்டியிருப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சாயோகோ அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

படத்தின் கதை இதுதான். கூலிக்கு வாள் பிடிக்கும் ஒருவன் குறுகலான ஒரு சந்தில் குடிவருகிறான். எதிரே தோஃபு, அதாவது சோயாக்கட்டி விற்கும் கடை. கடையை நடத்துபவள் புருஷனை இழந்தவள். பக்கத்தில் குடை செய்யும் கிழவர், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். யாராவது வந்து வாள்காரனைச் சண்டைக்குக் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து போவான். சண்டையைக் காணோம்! நேராக அடுத்த காட்சியில் தோஃபுக்காரி தொட்டித் தண்ணீரில் கையை விட்டபடி தலையை நிமிர்த்தி எங்கோ பார்ப்பாள். பிறகு அவன் திரும்பிவந்து கடைப் பலகையில் உட்காருவான். அவள் ஒரு கிண்ணத்தில் தோஃபு போட்டுத் தருவாள். கிண்ணம் அவன் கையில் நடுங்கும். இன்னொரு முறையும் இப்படியே. கடைசி முறை போனவன் திரும்புவதில்லை. பொழுது சாய, தோஃபுக்காரி உள்ளேயிருந்து மரக்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறாள். கதவு அதிர்கிறது. நிற்கிறது. மறுபடி அதிர்கிறது. படம் முடிந்தது.

முதல் காட்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர் ஹனாயே அம்மாள். அந்தக் கலையில் இன்று அவருக்கு இணையில்லை, அது அவருக்கும் தெரியும். கடைசிக் காட்சியில் குரலைத் தாழ்த்தி, "இலையுதிர்காலக் காற்று வந்து கதவைத் தட்டுகிறது. அவள் திறக்கவில்லை. காற்றுக்கு யார் கதவு திறப்பார்கள்?" என்றார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது.

அதற்கப்புறம் குசாகாவைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். 'வாளை உருவாமலே எடுத்த வாள் படம்' என்று டோக்கியோவின் பெரிய விமர்சகர் ஒருவர் அரைப்பக்கம் எழுதினார். ரத்தத்தின் முகத்தில் கதவைச் சாத்திய கலைஞன் என்று சாயோகோ எழுதிய கட்டுரை நாலு மொழிகளில் போனது. அதில் அந்தக் காற்றைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். குடைக்காரக் கிழவர் பாதிப் படத்துக்கு மேல் காணாமல் போவதைக்கூட அவள் விடவில்லை. வாழ்க்கையில் மனிதர்கள் இப்படித்தான் சொல்லாமல் மறைகிறார்கள் என்று எழுதிக் கண் கலங்கியிருந்தாள். சினிமா வரலாற்றின் அடுத்த பதிப்பில் அந்த ஒரு வரி போய் ஒரு அத்தியாயம் வரப்போவதாகச் சேதி வந்தது. வெளிநாட்டுத் திரைவிழா ஒன்று இதைத் தொடக்கப் படமாகப் போட யோசித்தது. முடிவு செய்யுமுன் பார்க்க அவர்களுடைய ஆள் ஒருவர் கியோட்டோவுக்கு வருவதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஓகுனோ என்ற பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பொம்மைப் படங்கள் சேர்க்கிறவர்.

"அம்மா, உங்க படத்தைப் பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. அதோட மிச்சம் எங்கிட்ட இருக்கு போலிருக்கே."

"மிச்சமா? என்ன மிச்சம் ஐயா?"

"வேற என்ன, சண்டைதான்."

சாயோகோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மைப் படம் வாங்கும் பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்? தோஃபுக்காரி தொட்டியில் கைவிடுவதையா? சண்டையைத்தான் கேட்பார்கள். வியாபாரிகள் சண்டையை மட்டும்தான் நறுக்குவார்கள். பொம்மைப் பட்டறையிலிருந்து வந்த ஒரு வாள் படத்தில் சண்டை இல்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊர்ப் பள்ளிப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். இத்தனை வருஷம் இதே வேலையில் ஊறியவளுக்கு அது தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்திருக்கிறாள் என்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓகுனோ வீட்டுக்குப் போனாள். அவர் ஜன்னல்களை மூடி, அலமாரியின் மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, பொம்மை புரொஜெக்டரைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்தார். பக்கத்தில் மூன்று டப்பாக்கள். எல்லாவற்றிலும் கதாநாயகன் பெயர் மட்டும்.

"எங்கப்பா வாங்கினது. கடையில விலை போகலைன்னு மூணையும் சேத்துத் தலையில கட்டிட்டாங்களாம். நாங்க அண்ணன் தம்பியெல்லாம் ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்தோம். பெரியண்ணன் ராத்திரி படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டான். அப்புறம் யாரும் தொடல. ஹீரோ ஜெயிக்கிற டப்பாவெல்லாம் சுத்திச் சுத்தியே நார் நாராப் போச்சு. இதுமட்டும் பாருங்க, கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

"அப்படி என்ன இருக்கு ஐயா இதுல?"

"நான் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்க." அவர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

சாயோகோ மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். சாதாரணச் சண்டையாக இருந்துவிடக் கூடாதே. பத்துப் பேரைச் சுழற்றிச் சுழற்றி வெட்டிவிட்டு மார்பை நிமிர்த்தி நிற்கிற வழக்கமான கூத்தாக இருந்தால், அந்த ஒரு வரிதான் இவருக்குச் சரி என்று ஆகிவிடுமே.

விரிப்பில் மழையும் சேறுமாக ஒரு சந்து தெரிந்தது. வாள்காரன் சேற்றில் வழுக்கி விழுகிறான். எதிராளியும் விழுகிறான். இருவரும் முழங்காலில் தவழ்ந்தபடி, குருடர்களைப்போல் வாளைத் துழாவுகிறார்கள். முதலில் யார் கைக்கு அகப்பட்டதோ அவன் பிழைத்தான். வீரம் என்று ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் டப்பாவில் எதிராளி வாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். இவன் துரத்திப்போய் முதுகில் வெட்டுகிறான். வெட்டிவிட்டுச் செத்தவனின் கழன்ற செருப்புகளை எடுத்து, வீட்டு வாசலில் வைப்பதுபோல் ஜோடியாக அவன் காலடியில் வைக்கிறான். சாயோகோ தன்னையறியாமல் "ஐயோ" என்றாள்.

மூன்றாம் டப்பாவில் நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். குடைக்காரக் கிழவர் சிரித்த முகத்தோடு, போதும்பா போதும்பா என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவே வருகிறார். வாள்காரன் திரும்பிப் பார்க்காமலே வீசுகிறான். கிழவர் விழுகிறார். விழுந்தவருக்குப் பின்னால், கடையின் மரச்சட்டங்களுக்கு நடுவே, தோஃபுக்காரியின் முகம். அவள் எங்கோ பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் அங்கிருந்தேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மிச்சப் பேரை முடித்துவிட்டு, வயிற்றில் குத்துப்பட்ட வாள்காரன் சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து அவள் கதவை நோக்கிப் போகிறான். துணுக்கு அங்கே தீர்ந்தது. சக்கரம் வெறுமனே கடகடத்தது.

"காத்து இல்ல ஐயா" என்றாள் சாயோகோ.

"என்னது?"

"கதவைத் தட்டினது காத்து இல்ல. இவன்தான்."

ஓகுனோ விளக்கைப் போட்டார். அவளைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

மறுநாள் டைகோ மூன்று துணுக்குகளையும் பெட்டிகளில் வந்த சுருளோடு வைத்துப் பார்த்தான். சுருளின் ஓரத்தில் நீளமாக ஓடிய ஒரு கீறல் ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றுபோய், ஓகுனோவின் துணுக்கில் அதே கோட்டில் தொடர்ந்து, மறுபடி சுருளில் ஏறி ஓடியது. சந்தேகத்துக்கே இடமில்லை.

டைகோ கண்ணாடியைக் கழற்றினான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதைத் திருப்பி டப்பாவுல போட்டு அந்தப் பெரியவர்கிட்டயே குடுத்துருங்க."

"என்னடா சொல்றே?"

"தொண்ணூறு வருஷம் பேரில்லாமக் கிடந்த மனுஷன். இப்பத்தான் நாலு பேரு வாயில வர்றாரு. எதுக்கு வர்றாரு? சண்டையைக் காட்டாததுக்கு. இப்ப நீங்களே போய், இல்லீங்க, காட்டினாருன்னு சொன்னா? அத்தியாயம் போச்சு, விழா போச்சு. மறுபடி அந்த ஒரு வரிதான். உங்க கையாலயே அவரைப் புதைக்கப் போறீங்களா?"

"அது அவர் படம் இல்லடா. அது பொம்மைக் கடைக்காரர் படம்."

"அந்தக் கடைக்காரரும் ரசிகர்தானே. நல்லாத்தானே வெட்டியிருக்காரு."

சாயோகோ சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டைகோ சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளை வாட்டியது. முப்பது வருஷமாக அவள் மனதில் இருந்த குசாகா சாந்தமானவர், ரத்தத்தைக் கண்டு முகம் திருப்பிக்கொள்பவர். அவரைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. இந்தப் புது மனிதர் முகம் திருப்பாதவர். பார்க்கிறவனின் பிடரியைப் பிடித்து, பாரடா என்று திருப்புகிறவர். ஊரே கொண்டாடும் நாயகனை வைத்து, அவன் ஓர் அப்பாவிக் கிழவரை வெட்டுவதைக் காட்டி, கடைசியில் ஒரு தோஃபுக்காரியைக் கொண்டு அவன் முகத்தில் கதவைச் சாத்த வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில்! எந்த முதலாளி பொறுத்திருப்பான்? இதற்குப் பிறகு அவர் எடுத்ததாக ஒரு படமும் தெரியவராததற்கு இதுவே காரணமாகக்கூட இருக்கலாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இதை எடுத்திருப்பார் என்று நினைக்க நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுக்குப் பிடித்த குசாகாவைவிட உண்மையான குசாகா பெரியவர். ஆனால் அது ஊருக்குப் பிடிக்குமா?

"ஒட்டுடா" என்றாள்.

"அக்கா..."

"ஒட்டு. அவருக்குப் பேர் வாங்கிக் குடுக்கணும்னா அவர் எடுத்ததுக்கு வாங்கிக் குடுப்போம். இல்லாட்டி அந்த ஒரு வரியே இருந்துட்டுப் போகட்டும்."

அருங்காட்சியகத் தலைவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "உங்க இஷ்டம். ஆனா மேடையில நீங்கதான் நிக்கணும்" என்றார். ஹனாயே அம்மாள்தான் வெடித்தார்.

"காத்து காத்துன்னு ஊரையே அழவெச்சேனே! இப்ப காத்தில்ல, ஆளுன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கறது? கடைசில நான் என்னத்தச் சொல்றது?"

"எனக்கும் தெரியலம்மா. அந்த இடத்துல உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க."

"ரொம்ப உதவி" என்று முறைத்துவிட்டுப் போனார் அவர்.

ஒட்டிய படத்தைத் திரையிட்ட அன்றைக்கு அரங்கத்தில் முதல் வரிசையில் திரைவிழா ஆளும் டோக்கியோ விமர்சகரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஊர் ஜனம், நடுவில் ஓகுனோ. சாயோகோ மேடையேறினாள். ஒலிவாங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை இதே இடத்துல நான் ஒருத்தரைப் புகழ்ந்தேன். நீங்களும் கை தட்டினீங்க. நாம எல்லாரும் சேர்ந்து புகழ்ந்தது ஒரு பொம்மைப்பட வியாபாரியோட கத்தரிக்கோலை." சிலர் சிரித்தார்கள். விமர்சகர் சிரிக்கவில்லை. "சண்டைகள் கிடைச்சிருக்கு. கட்டுரையில நான் எழுதினதுல பாதி தப்பு. எந்தப் பாதின்னு நீங்களே பாருங்க." குனிந்து வணங்கிவிட்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. சேற்றுச் சண்டையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வாள்காரன் செருப்புகளை ஜோடியாக வைத்தான். அதற்கடுத்து அவன் கடைப் பலகையில் உட்கார, தோஃபுக்காரி கிண்ணத்தை நீட்டியபோது அது நடுங்கியது. போன முறை அவன் கைதான் நடுங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது தெரிந்தது, கிண்ணம் அவள் கையிலேயே நடுங்க ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் படத்தில் எப்போதும் இருந்ததுதான். ஹனாயே அம்மாள் வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

குடைக்காரர் விழுந்தபோது பல பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். வாள்காரன் ஊர்ந்து வந்தான். தோஃபுக்காரி எழுந்தாள். ஒரு கணம் கதவில் கைவைத்து நின்றாள். திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவள் சாத்தினாள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கதவு அதிர்ந்தது. ஹனாயே அம்மாள் வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். கதவு மறுபடி அதிர்ந்தது. பிறகு அதிரவில்லை.

விளக்குகள் எரிந்தன. ஒருவரும் கை தட்டவில்லை. டோக்கியோ விமர்சகர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியே போனார். திரைவிழா ஆள் வெறும் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். சாயோகோ மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டைகோ சொன்னதுதான் நடந்தது என்று நினைத்தாள். புதைத்தாகிவிட்டது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், கடைத்தெருவில் பேசுகிற குரல், உரக்கக் கேட்டது.

"நல்லாச் சாத்தினே, தாயி!"

அரங்கம் ஒரு நொடி திடுக்கிட்டது. பிறகு சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின. கை தட்டல் எங்கிருந்தோ ஆரம்பித்து எல்லா வரிசையிலும் பரவியது. நாடக அரங்குகளில் நல்ல கட்டம் வந்தால் ஜனங்கள் நடிகனின் பரம்பரைப் பெயரைச் சொல்லிக் கூவுவது இந்த ஊர் வழக்கம். சினிமா எடுத்தவன் பெயரை இங்கே யாரும் கூவிக் கேட்டதில்லை. ஓகுனோ பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுந்து, வாய்க்கு இரண்டு பக்கமும் கைகளைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"குசாகா!"

இன்னொருவர் கத்தினார். இன்னும் பல பேர். "குசாகா! குசாகா!" திரையில் அவர் இல்லை, அரங்கத்தில் அவருடைய சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கூவுகிறவர்கள் யாரைப் பார்த்துக் கூவுவது என்று தெரியாமல் மேடையைப் பார்த்துக் கூவினார்கள். யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. சாயோகோ எழுந்து, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, அவருக்காக வணங்கினாள்.